நடுவர் தீர்ப்பே இறுதியானது

தமிழில் வெளிவரும் எந்தச் சிறுகதை, கவிதைப் போட்டியின் அறிவிப்பை எடுத்தாலும் மூன்று வரிகள் தவறாமல் இருக்கும். படைப்பின் பக்கங்களில் எழுதியவரின் பெயரோ முகவரியோ இருக்கக் கூடாது, அவற்றைத் தனித்தாளில் எழுதி இணைக்க வேண்டும் என்பது ஒன்று. படைப்பு தன் சொந்தக் கற்பனையே என்று உறுதிமொழி தர வேண்டும் என்பது இன்னொன்று. நடுவர் தீர்ப்பே இறுதியானது, இது தொடர்பாகக் கடிதப் போக்குவரத்து கூடாது என்பது மூன்றாவது. முதல் வரி எழுதியவரை மறைக்கிறது. இரண்டாவது அவரிடம் வாக்குமூலம் வாங்கிக்கொள்கிறது. மூன்றாவது நடுவரைக் கேள்விக்கு அப்பால் கொண்டுபோய் உட்கார வைக்கிறது.

அண்மையில் ஒரு போட்டிக்கு நடுவராக இருந்தேன். சிறுகதைக்கும் கவிதைக்கும் சேர்த்து மூன்று பேர்: இரண்டு ஆண்கள், நான். திரையைத் தவறான இடத்தில் தொங்கவிட்டிருக்கிறோம் என்பதுதான் அந்த வேலையின் முடிவில் எனக்கு உறுதிப்பட்டது. எழுதியவரின் பெயரை மறைத்துவிட்டால் நியாயம் தானாக வந்துவிடும் என்று நம்புகிறோம். நடுவரின் அளவுகோல் என்ன, அது யாருடைய வாசிப்பில் உருவானது என்பதை யாரும் கேட்பதில்லை.

போட்டிக்கு எழுதுவதை ஏளனமாகப் பார்க்கும் பழக்கம் நம் சிறுபத்திரிகைச் சூழலில் உண்டு. 'பரிசுக்கதை' என்பதே அங்கே ஒரு வசைச்சொல். இந்த ஏளனம் யாருக்குக் கட்டுப்படியாகும் என்று பார்க்க வேண்டும். ஆசிரியர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காரவும், கூட்டம் முடிந்து டீக்கடை வாசலில் இரவு பத்து மணிவரை பேசி நிற்கவும், இலக்கிய முகாமுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பவும் முடிந்தவருக்குப் போட்டி தேவையில்லை. அவருடைய கையெழுத்துப் பிரதி கைக்குக் கை போய்ச் சேர்ந்துவிடும். வீட்டைவிட்டு நகர முடியாதவளுக்கு ஓர் உறையும் அஞ்சல்தலையும் போதும் என்று திறந்திருந்த வாசல் போட்டிதான்.

15 வயதில் திருமணமாகிப்போன ராஜம் கிருஷ்ணனின் 'பெண்குரல்' 1953இல் கலைமகள் பரிசு பெற்றது. 'மலர்கள்' 1958இல் ஆனந்த விகடன் பரிசு பெற்றது. அநுத்தமாவின் 'மணல் வீடு' கலைமகள் பரிசு பெற்ற நாவல். உடல்நலக் காரணத்தால் வீட்டிலிருந்தே படித்த ஆர். சூடாமணியும் கலைமகள் பரிசு பெற்று வாசகர் கவனத்துக்கு வந்தவர்தான். இவர்களை 'குடும்பக் கதை எழுதும் பெண்மணிகள்' என்று ஓர் அலமாரியில் அடுக்கி மூடியது பின்னால் நடந்தது. ஆனால் கதவு திறந்தது போட்டியால்.

பெயரும் புகழும் தெரிந்தே தரப்படும் விருதுகளின் கணக்கு வேறு. தமிழுக்கான சாகித்திய அகாதமி விருது 1955இல் தொடங்கியது. 2024 வரை அதைப் பெற்ற பெண்கள் நான்கு பேர்: ராஜம் கிருஷ்ணன் (1973), லட்சுமி (1984), திலகவதி (2005), அம்பை (2021). லட்சுமிக்கும் திலகவதிக்கும் நடுவே 21 ஆண்டுகள். அந்த இடைவெளியில் தமிழில் பெண்கள் எழுதாமல் இருந்தார்கள் என்று யாராவது சொல்வார்களா? ஆகவே பெயரை மறைத்து வாசிக்கும் ஏற்பாட்டை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. அது வேண்டும். அது எந்த இடத்தோடு நின்றுவிடுகிறது என்பதுதான் கேள்வி.

எங்களுக்குத் தந்த மதிப்பெண் தாளில் நான்கு கட்டங்கள்: கரு, நடை, வடிவம், முடிவு. ஒவ்வொன்றுக்கும் 25. மூவரும் தனித்தனியே போட்ட மதிப்பெண்களைக் கூட்டி வரிசைப்படுத்துவார்கள். பார்ப்பதற்கு நேர்மையான ஏற்பாடு. ஒரு கதைக்கு ஒருவர் 90, மற்ற இருவர் 45, 40 தருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 175. இன்னொரு கதைக்கு மூவரும் ஆளுக்கு 60. கூட்டினால் 180. யாரையும் உறுத்தாத கதை, ஒருவரை உலுக்கிய கதையைத் தாண்டிப் போய்விடுகிறது. இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. கூட்டல் கணக்கே அப்படி. பெண்கள் மட்டுமே உள்ளிருந்து அறிந்த ஒன்றை ஒரு கதை சொல்லுமானால், மூவரில் ஒருத்தி மட்டும் பெண்ணாக இருக்கும் குழுவில் அந்த 90ஐப் போடப்போவது யார், 40ஐப் போடப்போவது யார் என்று சொல்ல ஜோசியம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

வந்திருந்த படைப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெண்ணைப் பற்றி எழுதாத கதை மிகக் குறைவு. அநேகக் கதைகளில் அவள் செத்துப்போகிறாள். தூக்கு, கிணறு, தீ. அவள் சாவு ஆண் பாத்திரத்துக்கு ஞானம் வருவதற்கான வழி. வன்புணர்வு, கதையை முடுக்கிவிடும் சாவியாக வந்துகொண்டே இருந்தது. அதற்குப் பிறகு அவள் காலையில் எழுந்து என்ன செய்தாள் என்பதில் எழுதியவருக்கு அக்கறை இல்லை. தாய் என்றால் தியாகம், பாட்டி என்றால் சுருக்குப்பையும் வெற்றிலையும். பெண் உரிமைக்காக எழுதப்பட்டவையும் வந்தன. அவற்றில் பல, கடைசிப் பக்கத்தில் கதாநாயகி எழுந்து நின்று நிகழ்த்தும் சொற்பொழிவுகள். அவற்றுக்கு நான் கருணை மதிப்பெண் போடவில்லை. நம் பக்கத்து வாதத்தைச் சொல்வதால் ஒரு கதை நல்ல கதை ஆகிவிடாது.

கவிதைகளிலும் இப்படி ஒன்றைக் கண்டேன். 2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' தொகுப்பு வந்தது. அடுத்த ஆண்டு அவரையும் மாலதி மைத்ரி, சல்மா, சுகிர்தராணி ஆகியோரையும் ஆபாசமாக எழுதுகிறார்கள் என்று பொதுவெளியில் வசைபாடினார்கள். அன்று உடலின் பெயரைச் சொல்வதற்கு ஒரு விலை இருந்தது. இன்று அதே சொற்கள் ஒரு வாய்பாடாகப் பல கவிதைகளில் வந்து விழுகின்றன. உடல், குருதி, தீ, கடைசியில் ஒரு காளி. எழுதியவர் தன் உடலைப் பார்த்து எழுதினாரா, முந்தைய கவிதைகளைப் பார்த்து எழுதினாரா என்பது இரண்டாம் வாசிப்பில் தெரிந்துவிடுகிறது. பெண்ணியவாதியான நடுவர் இதைச் சொல்லத் தயங்கக் கூடாது. நாம் சொல்லாவிட்டால், உடலை எழுதுவதையே வெறுப்பவர்கள் தங்கள் காரணத்துக்காக அதைச் சொல்வார்கள்.

இறுதிச் சுற்றில் சிக்கல் வந்தது ஒரு சின்னக் கதையால். படுத்த படுக்கையாகிவிட்ட மாமியாரை மருமகள் குளிப்பாட்டுகிறாள். கதை முழுக்க அந்த ஒரு காலைப்பொழுதுதான். தண்ணீர் காய்கிறது. படுக்கைப்புண்ணைத் துடைக்க வேண்டும். ரப்பர் விரிப்பை உருவ, உடம்பை எந்தப் பக்கம் புரட்ட வேண்டும் என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. கழுவித் துடைப்பதற்காக மாமியாரின் மூக்குத்தியைக் கழற்றியவள், ஒரு கணம் அதைத் தன் மூக்கில் வைத்துக் கண்ணாடியில் பார்க்கிறாள். பேச்சு போன அந்தக் கிழவி கட்டிலிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மருமகள் மூக்குத்தியைத் திரும்பப் போட்டுவிடுகிறாள். மறுபடி தண்ணீர் வைக்கப் போகிறாள். அவ்வளவுதான்.

"நடை நல்லா இருக்கு தோழர், மறுக்கல. ஆனா ஒண்ணுமே நடக்கலையே" என்றார் மூத்த நடுவர். "யாரோ ஒரு வீட்டுப் பெண் தன் கஷ்டத்த அப்படியே எழுதியிருக்காங்க. அனுபவம் இருக்கு. கற்பனை எங்க இருக்கு?" என்றார் மற்றவர். இருவருமே நிறையப் படித்தவர்கள், என்மேல் மரியாதை உள்ளவர்கள். அவர்களைக் கெட்டவர்களாகக் காட்டுவது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. நல்ல வாசகர்களிடம் இந்தச் சொற்கள் எவ்வளவு இயல்பாக வந்து நிற்கின்றன என்பதுதான் கவனிக்க வேண்டியது.

நான் ஒரு யோசனை சொன்னேன். ஒரு கதையைத் தள்ளுவதற்கு எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறோமோ, அதே சொல்லை நாம் மேலே ஏற்றி வைத்திருக்கும் கதையின் மீதும் வைத்துப் பார்க்கலாம். அதுவரை முதலிடத்தில் இருந்த கதையில், நடுத்தர வயது ஆண் ஒருவர் ரயில்நிலைய நடைமேடையில் ஓர் இரவு முழுக்க உட்கார்ந்திருக்கிறார். பழைய காதலியை நினைக்கிறார். ரயில் வரவில்லை. விடிகிறது. அந்தக் கதையிலும் ஒன்றுமே நடக்கவில்லை. அதன் மதிப்பெண் தாளில் 'ஆழ்ந்த தனிமை', 'இருத்தலின் வெறுமை' என்று எழுதியிருந்தோம். ஆண் சும்மா உட்கார்ந்திருந்தால் அது தத்துவம். பெண் ஒரு காலைப்பொழுது முழுக்க இடுப்பொடிய வேலை செய்தால் ஒன்றும் நடக்கவில்லை.

கவிதைக்கும் இதையே செய்து பார்த்தோம். அம்மி கொத்துகிறவர் தெருவுக்கு வந்துபோன ஒரு மதியத்தைப் பற்றிய கவிதை ஒன்று. உளியின் சத்தம், தெறிக்கும் கல், அதைக் கேட்டுக்கொண்டு உள்ளே நிற்பவளின் கோபம். 'சத்தம் அதிகம், கலையமைதி கூடவில்லை' என்று ஒருவர் குறித்திருந்தார். குடித்துவிட்டு ஊரையே ஏசும் ஒருவனின் நீண்ட கவிதைக்கு அவரே 'வீச்சு' என்று எழுதியிருந்தார். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவர் சற்று நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார். பிறகு தன் மதிப்பெண்ணைத் திருத்தினார். மூத்தவர் திருத்தவில்லை. அது அவர் உரிமை. ஆனால் ஏன் திருத்தவில்லை என்பதை எந்தத் தாளிலும் எழுத வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை என்பதில்தான் என் மறுப்பு.

'பிரம்மாண்டம்', 'பெரிய கான்வாஸ்', 'வீச்சு', 'கலையமைதி', 'சார்பற்ற பார்வை' போன்ற சொற்கள் நம் விமர்சனத்தில் எடைக்கற்களாகப் புழங்குகின்றன. போர் பெரியது, பஞ்சம் பெரியது, ஊர்விட்டு ஊர் போகிற ஆண் பெரியவன். அடுப்பு சிறியது, பிள்ளைப்பேறு சிறியது, முதியவரின் மலத்தைத் துடைப்பது சிறியது. இந்த வரிசையை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் எதிர்க்கலாம். எழுதாமல் இருப்பதால்தான் அது 'ரசனை' என்ற பெயரில் பத்திரமாக இருக்கிறது.

கடைசியில் மூக்குத்திக் கதை மூன்றாம் பரிசுக்கு வந்தது. அமைப்பாளர்கள் உறைகளைப் பிரித்தார்கள். எழுதியவர் ஆண்.

அறையில் எல்லோருக்கும் ஆச்சரியம். அவர் யாருக்குப் பணிவிடை செய்தார், செய்தாரா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. ஆனால் அந்தப் பெயர் ஒரு விஷயத்தைத் துலக்கிவிட்டது. 'யாரோ ஒரு வீட்டுப் பெண்' என்று நாங்கள் ஒதுக்கப் பார்த்தபோது அங்கே பெண்ணே இல்லை. ஒதுக்கப்பட இருந்தது பெண்ணுக்கென்று விடப்பட்ட வேலை. அதைத் தொட்டு எழுதுகிற யாரும், ஆணாகவே இருந்தாலும், அந்த இடத்துக்குத் தள்ளப்படுவார்கள். பெயரை மறைக்கும் விதியால் இதைத் தடுக்க முடியாது. ஏனென்றால் பால் பேதம் பெயரில் மட்டும் உட்கார்ந்திருக்கவில்லை. எது கதைக்குத் தகுந்த பொருள் என்ற முடிவிலேயே உட்கார்ந்திருக்கிறது.

எழுத்தை வைத்து ஆணா பெண்ணா என்று கண்டுபிடிக்கிற விளையாட்டு உலகெங்கும் தோற்றிருக்கிறது. அமெரிக்க அறிவியல் புனைகதையாளர் ஜேம்ஸ் டிப்ட்ரீ ஜூனியர் பெண்ணாக இருக்கவே முடியாது, அந்த எழுத்தில் மாற்ற முடியாத ஓர் ஆண்தன்மை இருக்கிறது என்று 1975இல் அவருடைய தொகுப்புக்கு எழுதிய முன்னுரையில் ராபர்ட் சில்வர்பெர்க் வாதிட்டார். சில ஆண்டுகளுக்குள் டிப்ட்ரீ என்பவர் ஆலிஸ் ஷெல்டன் என்ற பெண் என்று தெரிந்தது. தமிழிலோ ரங்கராஜன் தன் மனைவியின் பெயரான சுஜாதாவை எடுத்துக்கொண்டார். அந்தப் பெயரால் அவருக்கு ஒரு குறையும் வரவில்லை. பெண் பெயரைப் பூணுவது ஆணுக்கு ஒரு வசதி. தன் பெயரை மறைப்பது பெண்ணுக்குப் பெரும்பாலும் பாதுகாப்பு. இரண்டையும் 'புனைபெயர்' என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம்.

இந்த வேறுபாடு எங்கள் போட்டியிலேயே வந்து நின்றது. அம்மிக் கவிதைக்குக் கவிதைப் பிரிவில் முதல் பரிசு. எழுதியவர் ஒரு பெண். அமைப்பாளர்கள் வெற்றியைச் சொல்லி, நிழற்படமும் தன்விவரக் குறிப்பும் வங்கிக் கணக்கு எண்ணும் கேட்டார்கள். மறுநாள் அவர் என் எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தார். "அக்கா, பரிச வேற யாருக்காவது குடுத்திரச் சொல்லுங்க" என்றார். அவர் எழுதுவது அவர் வீட்டில் யாருக்கும் தெரியாது. படம் அச்சானால் தெரிந்துவிடும். விழா வேறு நகரத்தில், மாலை ஆறு மணிக்கு. கணக்கு அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் பணம் வந்தால் குறுஞ்செய்தி போவது கணவரின் கைப்பேசிக்கு.

சல்மாவின் கதை நமக்குத் தெரியும். துவரங்குறிச்சியில், புகுந்த வீட்டுக்குத் தெரியாமல் இரவில் எழுதி, தாயின் வழியாகக் கவிதைகளை வெளியே அனுப்பி, தன் பெயரை மறைத்துக்கொண்டுதான் அவர் 'சல்மா' ஆனார். முதல் தொகுப்பு 2000இல் வந்தது. அதை ஒரு பழைய காலத்துச் சாகசம்போல மேடைகளில் சொல்லிக் கைதட்டு வாங்குகிறோம். இன்றைக்கும் அதே இருட்டில் ஒருத்தி எழுதி அனுப்புகிறாள். நம் போட்டி அவளிடம் கேட்பது, இரண்டு பிரதி நிழற்படம்.

விதி விதிதான் என்றார்கள் அமைப்பாளர்கள். முகம் இல்லாமல் முதல் பரிசை எப்படி அறிவிப்பது, போலி என்று யாராவது சொன்னால் என்ன செய்வது என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அவர் யார் என்பது அமைப்பாளர்களுக்குத் தெரிந்தால் போதும், ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை என்று சொன்னேன். மூத்த நடுவர் இந்த இடத்தில் என்னோடு நின்றார் என்பதையும் சொல்ல வேண்டும். அவர் பேசியதால்தான் அது முடிந்தது. கவிதை, கவிஞரே தேர்ந்தெடுத்த ஒரு பெயரில் படம் இல்லாமல் வந்தது. பரிசுத் தொகைக்கு ஈடாகப் புத்தகங்கள் போதும் என்றார். வீட்டு முகவரிக்கு வேண்டாம். அவர் எடுத்துப் படிக்கும் கிளை நூலகத்துக்கு அன்பளிப்பாக அனுப்பிவிடுங்கள், அங்கே போய்ப் படித்துக்கொள்கிறேன் என்றார். அப்படியே அனுப்பினார்கள். பணம் அவருக்கு உரியது. அது அவர் கைக்கு வரவில்லை. இதை ஒரு மகிழ்ச்சியான முடிவாக என்னால் எழுத முடியவில்லை.

ஒரு பரிசின் வடிவத்தைத் தீர்மானிக்கும்போது யாரைக் கண்முன் வைத்துத் தீர்மானிக்கிறோம்? தனக்கென்று கைப்பேசி உள்ளவர், இரவு பேருந்தில் தனியாகத் திரும்பக் கூடியவர், தன் படம் அச்சில் வந்தால் வீட்டார் மகிழ்வார்கள் என்று இருப்பவர். அவர்தான் 'எழுத்தாளர்'. மற்றவர்களுக்காக 'பெண் படைப்பாளிகளுக்குச் சிறப்புப் பரிசு' என்று ஓர் ஓரத்து நாற்காலி போடுகிறோம். பெண்களுக்கென்று பரிசு கூடாது என்று நான் சொல்லவில்லை. 1991 புக்கர் குறும்பட்டியலில் ஒரு பெண்கூட இல்லாததைப் பார்த்த கோபத்தில்தான் பிரிட்டனில் பெண்களின் புனைவுக்கான தனிப் பரிசு உருவானது. 1996இல் முதன்முதலாக ஹெலன் டன்மோருக்கு வழங்கப்பட்டது. அது தனி நடுவர் குழுவோடு, தனக்கென்று ஓர் அளவுகோலோடு வந்தது. பொதுப் போட்டிக்குள்ளேயே ஒட்டுப்போடும் சிறப்புப் பரிசு அப்படியல்ல. அது பழைய அளவுகோலைத் தொடாமல், அதில் தேறாதவர்களுக்குத் தரும் ஆறுதல்.

நடைமுறைக்கு ஆகக்கூடிய சில காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன். நடுவர் குழுவில் ஒரே ஒரு பெண் என்ற வழக்கத்தைவிட வேண்டும். ஒருத்தி மட்டும் இருக்கும்போது அவள் வாசிப்பு 'பெண்ணின் பார்வை' ஆகிவிடுகிறது, மற்ற இருவருடையது வெறும் 'பார்வை' ஆகிவிடுகிறது. கூட்டல் கணக்கை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு நடுவரும் ஒரு படைப்பையாவது மதிப்பெண்ணுக்கு அப்பால் இறுதி விவாதத்துக்குக் கொண்டுவரும் உரிமை வேண்டும். புனைபெயர் முதல் கட்டத்திலிருந்து அச்சு வரைக்கும் செல்லுபடியாக வேண்டும். பரிசை எந்த வடிவில், எந்த முகவரியில் பெறுவது என்பதை எழுதியவரிடம் கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், நடுவர்கள் தங்கள் காரணத்தைக் கையெழுத்திட்டு எழுத வேண்டும். உடன்படாதவர் தன் மறுப்பையும் எழுத வேண்டும். பரிசு பெற்ற படைப்புகளோடு அதுவும் அச்சாக வேண்டும்.

அந்தப் போட்டியின் தொகுப்பு வந்தபோது நடுவர் குறிப்பு என்று அரைப் பக்கம் இருந்தது. 'வளரும் படைப்பாளிகளுக்கு வாழ்த்துகள்' என்பதுதான் அதன் சாரம். நான் தனியே எழுதிக் கொடுத்த நான்கு பக்கக் காரணக் குறிப்புக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். தேர்வாகாத படைப்புகளை எழுதியவர்களில் யாராவது கேட்டால் அந்த நான்கு பக்கத்தையும் தரலாம் என்று அமைப்பாளர்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கடிதப் போக்குவரத்து கூடாது என்ற விதி இருப்பதால் இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்கலாம்.